குழாயடியில் அஞ்சலை

நாகப்பட்டினம், 1936

அஞ்சலையைப் பெற்றவளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்றே வைத்துக்கொள். மலாயாவுக்குப் போகும் இந்தக் கப்பலில் எங்களுக்கு இடமில்லை. ஏறுகிற ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்னவாசலில் இறங்கியதுமே அண்ணன் என் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டேன். எஸ்டேட்டுக்குப் போய் இத்தனை வருஷமாகியும் எனக்கு அது மறக்கவில்லை. ஆனால் அஞ்சலை அங்கே பிறந்தவள். லயத்துக் குழாயில் எல்லார் பிள்ளைகளோடும் முட்டி மோதிக் குடித்தவள். தாகமென்று நேரே ஊருணிப் படியில் இறங்கிவிட்டாள். நம் தெருக்காரர்கள் கரையில் கையேந்தி நிற்க வேண்டும், மேல்தெருவார் மனசு வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று அவளுக்கு யார் சொன்னது?

பிறகு நடந்ததை எழுத வேண்டாம். "புள்ளைய தூக்கிக்கிட்டு இப்பவே போயிரு தம்பி. நாங்க இங்கிட்டுதான இருந்தாகணும்" என்றார் அண்ணன்.

காயம் ஆறிவருகிறது. முடி வளர்ந்துவிடும்.

கப்பலுக்குக் காத்திருக்கும் இந்த டிப்போவில் ஒரு குழாய் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். நேற்று அவள் அதன் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்தபடி நின்றாள்.

"தெறந்து குடி தாயி" என்றேன்.

"இருங்கப்பா, யாராச்சும் வந்து ஊத்தட்டும்" என்றாள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்