கண்ணைக் கேட்காத பொருள்

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் மீன் குழம்புக்கு மிளகாய்த்தூள் கரைக்கும்போது விரல் எரிந்தது. கட்டைவிரலின் இரண்டு ஓரத்திலும் தோலைப் பிய்த்து வைத்திருக்கிறேன். எப்போது பிய்த்தேன்? தெரியவில்லை. வீட்டுக்காரர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னா பிரியம், கையெல்லாம் ரத்தம் கீது. ஆபீஸ்ல உனுக்கு இதான் வேலையா?"

கிட்டத்தட்ட அதுதான் வேலை.

ஒன்பது வருஷம் கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டினேன். எழுபது படி ஏறிக் கூண்டில் உட்காருவேன். பெட்டி ஆடினால் முதலில் என் இடுப்புக்குத்தான் தெரியும். போன வருஷம் கிரேன்களைக் கம்ப்யூட்டர் கையில் கொடுத்துவிட்டு, எங்களைக் கீழே ஏசி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். எடுப்பதும் நகர்த்துவதும் அதுவே செய்துகொள்ளும். லாரி மேல் இறக்கும் கடைசி ஆறு அடிக்கு மட்டும் ஆள் வேண்டும். லாரி வந்து மணி அடிக்கும் வரை நாலு திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

படி ஏறிய காலத்தில்கூட உடம்பு இப்படி அசந்து போனதில்லை. சும்மா இருப்பதற்கு இவ்வளவு களைப்பா?

ஜூன் 12, வியாழன்

தூங்கவில்லை. ஆனாலும் மூன்றாவது திரையில் லாரி வந்து நின்றதைப் பார்க்கவில்லை. மணி இரண்டு முறை அடித்திருக்கிறது. பக்கத்து மேஜை சபீஹாதான் தோளைத் தட்டினாள்.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் சபீஹா தன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்லாம் சின்னப் பிள்ளைகள் சாமான். விரலில் வைத்துச் சுற்றிவிடும் மூன்று இதழ்ச் சக்கரம். அழுத்தினால் பொளக்கென்று குழி விழும் ரப்பர் தட்டு. பிசைய ஒரு பந்து. முள்முள்ளாக ஒரு கம்பிச் சுருள் மோதிரம்.

"சிரிக்காதக்கா. எனக்குத்தான் வாங்கினேன். கை சும்மா இருந்தா எனக்கு மண்டை எங்கியோ போயிடும். காலேஜ்லேந்தே அப்டித்தான்."

நாற்பத்தோரு வயதில் எனக்கு விளையாட்டுச் சாமான். இருந்தும் எடுத்துப் பார்த்தேன். சக்கரம் ஆகாது, சுற்றினால் அதையே பார்க்கத் தோன்றுகிறது. ரப்பர் தட்டின் சத்தத்தில் பின்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பந்து உள்ளங்கையை நிறைத்துவிடுகிறது. மோதிரம்தான் சரிப்பட்டது, அதை எனக்கே கொடுத்துவிட்டாள். இடது ஆள்காட்டி விரலில் மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்கலாம். அது கண்ணைக் கேட்பதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு வாரமாக மணி இரண்டாவது முறை அடிக்கவில்லை. கட்டைவிரலில் புதுத் தோல்.

ஞாயிறு பூசையில் என்னை அறியாமல் உருட்டிக்கொண்டிருந்தேன். அடைக்கலமேரி ஆன்ட்டி குனிந்து, "மோதிர ஜெபமாலையா பிரியம்? நல்லாருக்கே" என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோயிலுக்குள்ளேயே பொய்.

ஜூலை 2, புதன்

வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரமாகிறது. இன்னும் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

காலை பதினொன்றரை. ஆறாம் வரிசை. நாற்பது அடிப் பெட்டியை லாரி மேல் இறக்கிக்கொண்டிருந்தேன். வலது கை கைப்பிடியில். இடது கையில் மோதிரம். நான்காவது திரையின் ஓரத்தில், லாரியின் பின்பக்கம், இரண்டு கால். மடித்துக் கட்டிய லுங்கி. ரப்பர்ச் செருப்பு.

சிவப்புப் பொத்தானை அறைந்தேன். பெட்டி நின்றது, ஆடியது, லாரியின் பக்கக் கம்பியில் மோதி ஒரு மூலை உள்ளே நசுங்கியது. மறுபடி பார்த்தபோது அந்தக் கால்கள் இல்லை.

யாரும் சாகவில்லை. யாரும் சாகல. இதையே எத்தனை வாட்டி எழுதுறது?

ஜூலை 3, வியாழன்

மேனேஜர் ஆறுமுகநயினார் கூப்பிட்டார். பெட்டிக்குள் கண்ணாடிச் சாமானாம், பாதிக்கு மேல் போச்சு.

"ஒரு ஆளைப் பார்த்தேன் சார். அதான் நிறுத்தினேன்."

"டிரைவர் மாசானம் வண்டியை விட்டு இறங்கவே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரே?"

நான்காவது கேமராவில் நடப்பதைப் பார்க்கலாம், ஆனால் அது பதிவாவதில்லை. எனக்கு இன்றுதான் தெரியும். எங்கள் அறையின் கேமரா மட்டும் ஒரு நொடி விடாமல் பதிவாகிறது. அதைப் போட்டுக் காட்டினார். என் இடது கை. விரல் உருட்டிக்கொண்டே இருக்கிறது.

"என்னம்மா இது? பெட்டியை இறக்கும்போது விளையாட்டா?"

"இது இருந்ததாலதான் சார் பார்த்தேன்."

சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. மோதிரத்தைக் கழற்றி வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மெமோவோடு பின் அடித்து வைத்தார்.

அது இல்லாமல் இருந்தால் இன்னும் முன்னாலேயே பார்த்திருப்பேனோ? திரும்பத் திரும்ப இதே கேள்விதான்.

ஜூலை 5, சனி

வேலை முடிந்து சபீஹாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒருத்தர் தயங்கித் தயங்கி வந்தார். அதே ரப்பர்ச் செருப்பு. முகத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது.

"நான்தாம்மா மாசானம். சடையங்குப்பம். அன்னிக்கு நான்தான் எறங்கினேன்." குரல் ஏறவே இல்லை. "சுகரு. நாலு மணி நேரம் வரிசைல நின்னுகினு இருந்தேன். அடக்க முடில. அவுங்க கேட்டப்போ பயத்துல இல்லைன்னு எழுதிக் குட்த்துட்டேன். கேட் பாஸ புடுங்கிட்டா ஓனரு வேற ஆளப் போட்டுடுவாரு. இந்த வயசுல எவன் எனுக்கு வண்டி குடுப்பான்? சொல்லிடாதம்மா."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

எண்ணூர் சாலையில் லாரி வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம். ஒவ்வொரு லாரிக்குள்ளும் ஒரு தலை. இவர்கள் எல்லாம் எங்கே போவார்கள்? இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இதை நினைத்தேனா?

ஜூலை 7, திங்கள்

விசாரணை முடியும் வரை என்னைக் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தகரக் கூண்டு. உள்ளே வரும் லாரிக்குச் சீட்டு கொடுக்க வேண்டும்.

சபீஹா கத்துகிறாள். "நானும்தானேக்கா கேட்டேன் அந்தாளு சொன்னத? வா, போய் சொல்லிடலாம். நீ ஏன் பேஜாராவணும்?"

வேண்டாம் என்றேன். கருணை என்று அவள் நினைத்துக்கொண்டாள். கருணையா, களைப்பா? எனக்கே தெரியவில்லை. ஒருத்தர் பிழைப்பைக் கெடுத்துவிட்டு அந்த ஏசி அறைக்குத்தானே திரும்பிப் போகப்போகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மாசானத்தின் லாரி இன்று இரண்டு முறை வந்தது. சீட்டை நீட்டினேன். வாங்கினார். இரண்டு முறையும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 16, புதன்

வெயில். டீசல் புகை. மறுபடி தோலைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டேன். இன்றைக்குச் சீட்டில் ரத்தம் பட்டுவிட்டது. ஒரு டிரைவர், "இன்னா மேடம், ரத்தக் கையெழுத்தா?" என்று சிரித்தான். அடுத்த லாரி மாசானத்தினுடையது. அவர் சிரிக்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

இவர் உயிரோடு போவதும் வருவதும் ஒவ்வொரு நாளும் என் கண் முன்னால் நடக்கிறது. அது எனக்குப் போதுமா? போதும் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மாசானம் லாரியை ஓரங்கட்டிவிட்டு என் கூண்டுக்கு வந்தார்.

"வாம்மா, ஆபீசுக்கு."

"எதுக்கு?"

"வாம்மா."

மேனேஜர் அறையில் உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. "சார், அன்னிக்கு நான் பொய் எழுதிக் குட்த்தேன். எறங்கினது நான்தான். இந்தம்மா நிறுத்தலன்னா இந்நேரம் என்னை மூலக்கொத்தளத்துல பொதச்சிருப்பாங்க. தெனம் கேட்டுல இவங்க கைலேந்து சீட்டு வாங்கிகினு போவறேன். முடில சார்."

ஆறுமுகநயினார் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"ஏன் சொல்லலை?"

வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ஆனால் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் எறங்குனது தப்புதான் சார். நாலு மணி நேரம் ஒரு மனுஷன் எங்க சார் போவாரு? ஆறாம் வரிசைல ஒரு கக்கூஸ் கீதா? நாங்க ரெண்டு மணி நேரம் கண்ணு சிமிட்டாம திரையையே பாக்கணும்னா எந்த மனுஷனால முடியும்? கைக்கு ஒரு மோதிரம் இருந்தது, அதையும் புடுங்கிட்டீங்க!

மேனேஜரிடம் இப்படிப் பேசியது நான்தானா?

அவர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே பேனாவில் எழுதிக் கொடுத்தோம்.

ஜூலை 26, சனி

மெமோ ரத்து. ஒரே வரி.

மாசானத்துக்கு ஒரு மாசம் பாஸ் கிடையாது. ஓனர் தற்காலிகமாக வேறு ஆளைப் போட்டிருக்கிறாராம். தற்காலிகம் என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போன் செய்தேன். "பரவால்லம்மா. வூட்ல தூங்கினு கீறேன்" என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மறுபடி ஏசி அறை. இனி முக்கால் மணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம் எழுந்து நடக்கலாம் என்று சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். நான்காவது கேமராவும் பதிவாகிறது.

மோதிரத்தை ஆறுமுகநயினாரே கொண்டுவந்து கொடுத்தார். "சத்தம் வராததுன்னா வச்சுக்குங்க." கவரின் வாய் பிரிந்திருந்தது, அவரும் உருட்டிப் பார்த்திருக்கிறார் போல. சபீஹா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆறாம் வரிசை ஓரத்தில் நீலக் கதவோடு ஒரு கழிப்பறையைக் கொண்டுவந்து வைத்துப் பத்து நாளாகிறது. வண்டியை விட்டு இறங்கும் முன் டிரைவர் இரண்டு முறை ஹார்ன் அடிக்க வேண்டும்.

இன்று மதியம் அந்த வரிசையில் மாசானத்தின் லாரி. உள்ளே அவர்தானா என்று திரையை உற்றுப் பார்த்தேன். அவர்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறார். பெட்டியை லாரிக்கு மேல் கொண்டுவந்த நேரம், ஹார்ன் அடித்ததைக் காட்டும் விளக்கு திரையில் இரண்டு முறை மின்னியது. நிறுத்தினேன். அவர் மெதுவாக இறங்கி நீலக் கதவுப் பக்கம் நடந்தார்.

'தாமதம்' என்று திரை சிவந்தது. மணி அடித்தது. அடிக்கட்டும்.

ஆறு நிமிஷம் கழித்து வெளியே வந்தவர், கம்பத்து உச்சியில் இருக்கும் கேமராவை அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கினார். இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. நானும் கையைத் தூக்கினேன்.

"யாருக்குக்கா டாடா?" என்றாள் சபீஹா.

அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதைப் பார்த்த பிறகு பெட்டியை இறக்கினேன்.