நன்றியுரை கேசட்டுக்காக நடந்த யுத்தம்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு, அவள் கோபத்தில் பாதியை எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போன அன்பு மாப்பிள்ளை ரத்தினத்துக்கு,

எந்த மனிதனும் நம்பமாட்டாத ஒரு வரலாற்றைச் சொல்லப் போகிறேன். இது சத்தியம். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்காரவை. நம் சிங்கப்பூர்த் தேக்காவில் இவ்வளவு ரத்தம் இதுவரை சிந்தியதில்லை. நீ இருந்தபோது சிந்தியதெல்லாம் உன் டிவிக்குள்தான்.

முதலில் வீட்டுச் செய்தி. சரோஜா வீட்டைக் காலி செய்கிறாள். சாங்கிப் பக்கம் மகளோடு போய் இருக்கப் போகிறாள். அங்கே உன் கேசட்டுகளுக்கு இடமில்லையாம். பழைய சாமான் எடுக்கும் காராங்கூனிக்காரரைச் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று நான் கெஞ்சினேன்.

"அண்ணே, என் கல்யாண கேசட்ட இரவல் வாங்கிட்டுப் போய்த் தொலைச்ச ஆளு நீங்க. நீங்க பேசாதீங்க லா."

அந்தப் பழியை என் தலையில் போட்டது யார்? அவள் கல்யாண வீடியோவைத் தேடிய போதெல்லாம், "உங்கண்ணன்தான் வாங்கிட்டுப் போனான்" என்று வாய் கூசாமல் சொன்னது யார், மாப்பிள்ளை? அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குச் சர்க்கரை போடாத தேத்தண்ணிதான். நீ கண்ணை மூடிய பிறகும் அதே கதை. இப்போது அவளுக்கு அந்த கேசட் வேறு எதற்காக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டுமா? உன் குரல் வேறெதிலும் இல்லை.

காராங்கூனிக்கு முந்தின நாள் உன் மகள் ஓர் ஏற்பாடு செய்தாள். அவள் வேலை பார்க்கும் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. யாராவது வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் கேசட் அலமாரிக்குப் பிரபலங்கள் வருவார்கள். தங்களுக்குப் பிடித்த படத்தை எடுத்துக் காட்டிக் கண் கலங்குவார்கள். உன் அலமாரிக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தொடர் நாடக நாயகன், அவர் தோள் நுழைய வாசற்கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒருவர் வானொலியில் நிகழ்ச்சி நடத்தும் படைப்பாளர். இன்னொருவர் செய்தி வாசிக்கும் அம்மையார்.

உன் தந்திரம் அவர்களுக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் இரவல் கேட்கக் கூடாது என்று, வெட்டுக்குத்துப் படங்களின் மேலெல்லாம் 'சமூக மன்ற விழா வரவேற்புரை', 'தலைமையுரை', 'நன்றியுரை' என்று சீட்டு ஒட்டி வைத்தாயே, அதைச் சொல்கிறேன். நன்றியுரையை இரவல் கேட்கும் சொந்தக்காரன் இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை.

அம்மையார் நேராகப் போய் நன்றியுரையை எடுத்தார். "எனக்கு இந்த மாதிரி தமிழ் நிகழ்ச்சிங்கதான் உயிர். சின்ன வயசுல அம்மா மடியில உக்காந்து இதத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்" என்றார், கேமராவைப் பார்த்து. சரோஜா கேசட்டைப் போட்டாள். முதல் காட்சியிலேயே ஒருவன் கை தோளோடு வெட்டுப்பட்டுப் பறந்தது.

அம்மையார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆமா, இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"அக்கா, அது என் படம். நான் முதல்லயே பார்த்து வெச்சிட்டேன்" என்று நாயகன் கையை நீட்டினார். அவ்வளவுதான்.

அம்மையார் தலைமையுரையால் அவர் தாடையில் அடித்தார். பறந்த பற்கள் மின்விசிறியில் மாட்டி வீடெங்கும் மழையாகப் பெய்தன. படைப்பாளர் வரவேற்புரையின் நாடாவை உருவி நாயகன் கழுத்தில் சுற்றி இறுக்கினார். இறுக்கிக்கொண்டே, "நேயர்களே, இதோ இவருடைய விலா எலும்பு முறிகிற இனிய ஓசை" என்று வர்ணனையும் செய்தார். ஒளிப்பதிவாளரின் காது ஜன்னல் வழியாகப் போய் ஒரு புறாவைக் கொன்றது. ரத்தம் மின்தூக்கியில் இறங்கி, சிராங்கூன் சாலையைத் தாண்டி, ஜாலான் புசார் இரும்புக் கடைகளுக்குள் புகுந்தது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் ரசம் என்று நினைத்து இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

சரோஜா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. "சீக்கிரம் அடிச்சு முடிங்க. தேத்தண்ணி ஆறுது" என்றாள்.

டிவியில் வில்லன் தலை உருண்டது. படம் முடிந்தது. திரையில் கொஞ்ச நேரம் கோடுகள் ஓடின. பிறகு, வரிசையாக வாழையிலைகள். உன் கல்யாணப் பந்தி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏதோ ஒரு தீபாவளிக்கு டிவியில் சண்டைப் படம் ஓடியிருக்கிறது. வெற்று கேசட் இல்லை. கைக்குக் கிடைத்ததில் பதிந்துவிட்டாய், அது உன் கல்யாணமாக இருந்திருக்கிறது. படத்தைவிட கேசட் நீளம், அதனால் கடைசித் துண்டு தப்பித்தது. பாவி.

நெரித்த கைகள் நெரித்தபடியே நின்றன. மாலையும் கழுத்துமாக, வாய் நிறையச் சோற்றோடு நீ சொன்னாய்: "மச்சான், என்னைய எடுத்தது போதும் லா. கேமராவ அந்தாண்ட திருப்பு. சரோ இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடல."

ஆடி ஆடித் திரும்பிய அந்தக் கேமரா என் கைவண்ணம். கேமராவுக்குக் கூச்சப்பட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள் என் தங்கை. நீ உன் இலையிலிருந்த வடையை அவள் இலைக்குத் தள்ளினாய். அதோடு சரி, இருட்டு.

சரோஜா எழுந்தாள். டிவியை உடைப்பாள் என்று நான் பின்வாங்கினேன்.

"சாப்டேங்க" என்றாள், டிவியிடம்.

என் பக்கம் திரும்பி, "அண்ணன் வாங்கிட்டுப் போனாராம்ல, பொய்யப் பாரு" என்றாள். பிறகு கேசட்டை வெளியே எடுத்து, அதன் விளிம்பிலிருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டைத் திருப்புளியால் நெம்பி உடைத்தாள். அதை உடைத்துவிட்டால் அந்த கேசட்டில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது.

அந்த ஒன்று சாங்கிக்கு அவளோடு போகிறது. மற்றதெல்லாம் என் வீட்டுக்கு வந்துவிட்டது. என் மனைவி இன்னும் பார்க்கவில்லை, அடுத்த ரத்தம் என்னுடையது. ஆனாலும் வாக்குத் தருகிறேன், மாப்பிள்ளை. ஒரு வரவேற்புரையைக்கூட எவனுக்கும் இரவல் கொடுக்கமாட்டேன்.

கூட இருந்து படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். வந்தது படைப்பாளர் ஒருவர்தான். நல்ல மனிதர், தேத்தண்ணி குடித்துவிட்டுப் படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். யார் பல்லும் விழவில்லை. அன்றைக்கு உடைந்தது அந்தத் தகடு மட்டும்தான். ஆனால் அந்த வடையை நீ தள்ளினாயே, அது நிஜம்.

இப்போது சர்க்கரை போட்ட தேத்தண்ணி குடிக்கும்,
உன் மச்சான் தங்கவேலு