உங்கள் பட்டறையைப் பார்த்து வந்தேன்

சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம்,
சென்னை - 28.
ஞாயிறு, மார்ச் 9, 2025

அன்புள்ள கயல் அப்பாவுக்கு,

உங்கள் அன்புச்செல்வி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை போனது. இன்றைக்கு என்னவோ அந்த வார்த்தையை எழுதவே அலுப்பாக இருக்கிறது. நீங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த ஊர்க் குளிருக்கு நான் வாங்கிக் கொடுத்த கம்பளி பனியன் போதுகிறதா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நாம் போனில் பேசுவதெல்லாம் உங்கள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். உங்கள் முகத்தைப் பார்க்காமல் மாமா போனை விடுவதில்லை. இந்த ஒற்றை அறை வீட்டில் அவர் காதில் விழாமல் நான் எதைப் பேச முடியும்? வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வந்து நிற்கும். உங்கள் வாட்ச் பட்டறை டில்லிபாபு தம்பி புதன்கிழமை அங்கே பயிற்சிக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதையும் கொஞ்சம் நெத்திலிக் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். வாசம் வெளியே வராமல் கவர் மேல் கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் மே மாதம் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று உங்கள் அடையாறு பட்டறையில் வைத்துத்தான் தெரிந்தது. உங்கள் வாயால் தெரியவில்லை.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீட்டுக்காரர்களை எல்லாம் நேற்று பட்டறையைச் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். விடியற்காலையில் காசிமேட்டில் எடுத்து வந்த சங்கரா மீனை லூப் ரோடு மார்க்கெட்டில் குப்பம்மா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். புளியும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கையைத் தேய்த்து, விரலை மோந்து மோந்து பார்த்ததில் மூக்கே மரத்துப் போனது. "இன்னாம்மா, உன்னைப் பொண்ணு பார்க்க வராங்களா?" என்று கயல் சிரிக்கிறாள். அவள் பரீட்சைக்குப் படிக்க வேண்டியவள். எனக்காக அரை நாள் தாத்தாவைப் பார்த்துக்கொண்டாள்.

பட்டறை வாசலில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். மீன் வாசத்தைத்தான் கண்டுபிடித்துவிட்டார் என்று உயிரே போய்விட்டது. அவர் காட்டியது என் தலையில் இருந்த மல்லிகைப் பூவை! பூவிலிருந்து தூள் விழுமாம், முகத்துப் பவுடரும் கூடாதாம். பூவைக் கழற்றி, முகத்தைக் கழுவி, வெள்ளைக் கோட்டு மாட்டி, செருப்புக்கு மேல் நீல உறை போட்டு, காலில் ஒட்டுகிற பாய் ஒன்றில் மிதித்து உள்ளே போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனதெல்லாம் வீண். கோட்டுக்குள்ளே யார் பார்த்தார்கள்?

சும்மா சொல்லக்கூடாது, உள்ளே போனதும் வாசலிலேயே நின்று பார்த்தேன். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. மேஜை எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு. ஆளுக்கு ஒரு கண்ணில் கண்ணாடிக் குமிழ். உங்கள் பக்கத்து மேஜை சந்திரிகாதான் எனக்கு எல்லாவற்றையும் காட்டினாள், நல்ல பெண். ஒரு வாட்சைப் பிரிக்கிற ஆள்தான் அதைத் திரும்ப மூடுகிற வரைக்கும் பொறுப்பாம், நடுவில் இன்னொரு கை படக்கூடாதாம். கண்ணாடி மூடிக்குள் ஒரு தட்டைக் காட்டினாள். அதில் இருந்தது பல் முளைத்த மணல் என்றுதான் நினைத்தேன். அத்தனையும் சக்கரமாம்.

அப்புறம் ஒரு தேதி வாட்சைக் காட்டினாள். எந்த மாதம் முப்பது, எந்த மாதம் முப்பத்தொன்று, பிப்ரவரிக்கு எந்த வருஷம் இருபத்தொன்பது என்று எல்லாம் அதற்கே தெரியுமாம். நிற்காமல் ஓடினால் இந்த நூற்றாண்டு முடிகிற வரைக்கும் யாரும் கை வைக்க வேண்டாமாம். அடேங்கப்பா என்றேன். ஆனால் அவசரக்காரன் எவனாவது தேதியை முன்னால் தள்ளிவிட்டால் போச்சு, பின்னால் திருப்பவே முடியாதாம். புதிதாக வந்த பையன் ஒருவன் அப்படித் தள்ளிவிட்டானாம். வாட்சை நிறுத்திப் பெட்டியில் வைத்துவிட்டு, அந்தத் தேதி தானாக வருகிற வரைக்கும் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்களாம். நான் சிரித்துவிட்டேன். நம் வீடும் மே மாதத்துக்காக அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தேன்.

உங்கள் மேஜையையும் காட்டினாள். துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், யாரையும் உட்கார விடுவதில்லை. தினம் காலையில் மதிவாணன் சார் ஒவ்வொரு மேஜையாக வந்து, ராத்திரி தூங்கினாயா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்பாராம். ஆமாம் என்று சொன்னால் அன்றைக்குப் பெரிய வாட்ச் எதுவும் கையில் தரமாட்டாராம், வாட்சுக்குத் தோல் வார் மாட்டுகிற வேலைதானாம். மனசு வேறு எங்கேயோ இருக்கிறவன் கையில் சக்கரம் பிடிக்கிற சாமணம் நழுவிவிடும் என்பாராம். ஏசுராஜ் அண்ணன் ஒரு நாள்கூட வார் மாட்டியதில்லை என்று சந்திரிகா பெருமையாகச் சொன்னாள். வாசற்படி வரைக்கும் என்னோடு மல்லுக்கட்டிவிட்டுப் போன நாளில்கூட அங்கே போய் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த நேரத்தில்தான் மதிவாணன் சார் வந்தார். மணி அடிக்கிற வாட்ச் ஒன்றை எடுத்து, பக்கத்திலிருந்த சின்னப் பிடியைத் தள்ளி என் காதருகே வைத்தார். முதலில் கனத்த குரலில் மணி, பிறகு இரட்டையாகக் கால் மணி, கடைசியில் மெல்லிய குரலில் நிமிடம். மாதா சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உள்ளே மணியாக ஒலிக்கிற கம்பியை அரத்தால் தொட்டுத் தொட்டு, காது வைத்துக் கேட்டுக் கேட்டு, அந்தக் குரலை வரவழைத்தது நீங்கள் என்றார். இத்தனை வருஷத்தில் இதை நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை. வாட்ச் ரிப்பேர் என்று மட்டும்தானே சொல்லுவீர்கள்? எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தக் கண்ணீர் காய்வதற்குள் அவர் சொல்கிறார். "அம்மா, ஏசு எல்லாம் சொன்னாரு. இன்னும் ரெண்டு வருஷம் இருந்து இந்த மணி வேலையை முழுசாக் கத்துக்கிட்டு வாங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாமே. எல்லா வீட்டுலயும் இப்படிச் சொல்லமாட்டாங்க. வீட்டுல சம்மதம் இல்லாம நாங்க யாரையும் நீட்டிக்கிறதில்ல. அதான் உங்ககிட்ட நேர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்." இப்படிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் எப்போதுங்க சொன்னேன்? எந்த போனில் சொன்னேன்?

வாய் வரைக்கும் வந்துவிட்டது. இல்லை சார், இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்பதை சந்திரிகா கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தாள். வீட்டில் பிரச்சினை இருக்கிற ஆள், அதை மறைத்துப் பொய்யும் சொன்ன ஆள் என்று ஆகிவிடும். உங்கள் கையிலிருந்து அந்த வாட்சைப் பிடுங்கி வார் மாட்டச் சொல்லிவிடுவார்கள். அந்த மணிச் சத்தம் வேறு என் காதிலேயே நின்றது. தலையை ஆட்டிவிட்டேன். ஆமாம் சார், நான்தான் சொன்னேன் என்று வாயாலும் சொன்னேன். காப்பியும் கேக்கும் கொடுத்தார்கள். கேக்கைக் கயலுக்காகக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தேன்.

பஸ்ஸில் எங்கே வருகிறோம் என்றே தெரியாமல் உட்கார்ந்து, நம் ஸ்டாப்பைத் தாண்டி சாந்தோமில் போய் இறங்கினேன். சரி, மாதாவிடமாவது அழுவோம் என்று கோயிலுக்குள் போனேன். முட்டி போட்டதுதான் தெரியும், பெஞ்சில் தலை சாய்ந்து தூங்கியே போய்விட்டேன். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை வந்து எழுப்பி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சரியில்லைதான். மாமாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருக்கிறது. குடியிருப்பில் லிப்ட் போட்டுத் தருகிறோம் என்று சொன்னவர்களை அப்புறம் காணவில்லை. மூன்றாவது மாடிக்கு ஆளைத் தூக்கி ஏற்ற ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுப் பையன்களிடம் கெஞ்சுகிறேன். இதையெல்லாம் உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எனக்கு அலுத்துவிட்டது, அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

குப்பம்மா அக்காவிடம் சொன்னேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. "இன்னாடி இது! அவன் உன்னைக் கேக்காம நீட்டிக்கினான், நீயும் பொம்மையாட்டம் தலைய ஆட்டிக்கினு வந்துக்கீற. ரெண்டு பேருக்கும் இன்னா ஆச்சு?" என்று மீன் வெட்டுகிற கத்தியோடு கத்தினாள். நேரில் இருந்தால் உங்களையும் ஒரு பிடி பிடித்திருப்பாள்.

கயலிடம் இன்னும் சொல்லவில்லை. பத்தாவது பரீட்சை முடியட்டும். தவக்காலம் தொடங்கிவிட்டதால் வெள்ளிக்கிழமை வியாபாரம் பரவாயில்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மருந்து தவறாமல் வாங்குகிறேன்.

மாமாவைப் பற்றி எழுத வேண்டும். உங்களுக்கு போனில் அவர் முகம்தான் தெரியும். கைகால் பயிற்சி கொடுக்க வருகிற நல்லசிவம் தம்பி படுக்கையிலேயே செய்யலாம் ஐயா என்றால் கேட்பதில்லை. நாற்காலியில் உட்கார வைக்கச் சொல்லி அடம் பிடிக்கிறார். உட்கார்ந்ததும் இடது பக்கம் சரிகிறது, வலியில் பல்லைக் கடிக்கிறார். எதற்கு நைனா இந்த வீம்பு என்று கேட்டால், "பையன் வரான்ல, ஏர்போர்ட்டு போவணும், கார்ல குந்தணும்ல" என்கிறார். பேச்சு குழறுகிறது, ஆனால் இது மட்டும் தெளிவாக வருகிறது. போன வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் தாங்கமாட்டார் என்று சொன்னார். இதை நான் போனில் உங்களிடம் எப்படிச் சொல்லுவேன், அவர் பக்கத்தில் இருக்கும்போது?

நேற்று பட்டறையிலிருந்து வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்னா சொன்னாங்கம்மா, மே மாசம் வரான்ல?" நான் கேக்கைப் பிட்டு அவர் வாயில் வைத்துவிட்டு, சோறு வடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

கயல் அப்பா, நான் மதிவாணன் சாரிடம் ஆட்டிய தலையை மாற்றி ஆட்டப் போவதில்லை. பயப்படாதீர்கள். காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அந்தச் சத்தத்தை உண்டாக்குகிற கையை நான் கெடுக்கமாட்டேன். என்னிடம் கேட்காமல் போனது எனக்கு வலிக்கிறது. அதை நீங்கள் வரும்போது தீர்த்துக்கொள்ளலாம், எப்போது வந்தாலும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிடுங்கள். கயல் போனை மாமாவின் நல்ல காதில் வைப்பாள், நான் வெளியே வராந்தாவில் நின்றுகொள்கிறேன். "நைனா, நான் மே மாசம் வரவில்லை" என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். எனக்காக நீங்களே மதிவாணன் சாருக்குப் பதில் சொன்னீர்கள். உங்களுக்காக அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. அவரிடம் உங்களால் சொல்ல முடிந்தால், இருந்து முழுசாகக் கற்றுக்கொண்டு வாருங்கள், நான் முனகாமல் பார்த்துக்கொள்கிறேன். சொல்ல வாய் வரவில்லை என்றால் போனை வைத்துவிட்டு டிக்கெட்டைப் போடுங்கள்.

உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
அன்புச்செல்வி