செவ்வாய்க்குப் பச்சை

ஐப்பசி 11, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். ஊறப் போட்டது: அரிசி எட்டுப் படி, உளுந்து இரண்டு படி. உளுந்து புதுசு, நன்றாகப் பொங்கும். முழங்காலுக்குத் தைலம் தீர்ந்துவிட்டது.

எட்டு மணிக்கு டெய்லர் மீரான் பாய் வந்தார். பதினாறு வருஷமாக அவர் வீட்டில் நம் கடை இட்லி மாவுதான். கையில் பாதி தீர்ந்த பாக்கெட்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இட்லி கசக்குதுங்க. புள்ளைங்க தட்ட நகத்தி வெச்சுருச்சுங்க. வேற கடை மாவான்னு ஊட்ல கேட்டாங்க. அம்மா கடை ரப்பர் பேண்டுதான, பாருன்னு காட்டுனேன்."

பச்சை ரப்பர் பேண்டு. செவ்வாய்க்குப் பச்சை. புதன் மஞ்சள், ஞாயிறு நீலம். நான் படித்தது மூணாங் கிளாஸ். தேதி அடிக்கும் மிஷின் எனக்குத் தோதுப்படாது. அன்றைக்கு ஆட்டிய மாவுக்கு அன்றைய நிறம். மறுநாள் அந்த நிறம் கடையில் இருக்கக் கூடாது. இந்தத் தெருவில் நிறம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். வெந்தயக் கசப்பு. மாவும் லேசாக மஞ்சள்.

இது செவ்வாய் மாவே இல்லை. ஞாயிறு ஆட்டியது. அன்றைக்கு நான் வெந்தயம் போட்டது தெரியாமல், கடையில் கூட வேலை செய்யும் சரசுவும் ஒரு தடவை போட்டுவிட்டாள். இரண்டு போசிப் பாத்திரம் நிறைய மாவு. அப்படியே பால்காரன் எருமைக்கு ஊற்றச் சொல்லிவிட்டு, மறுபடி ஊறப் போட்டு ஆட்டினோம்.

பாய்க்குப் புதுப் பாக்கெட் நீட்டினேன். வாங்கவில்லை. "நாளைக்கு வாரேனுங்க" என்றார். வருகிற குரல் இல்லை.

சரசுவைக் கேட்டேன், ஞாயிற்று மாவு எருமைக்குப் போச்சா என்று.

"போச்சுங்கக்கா." கிரைண்டரைத் துடைத்துக்கொண்டே. முகம் திரும்பவில்லை.

ஐப்பசி 12, வியாழன்

வெயில். மகன் பிரபு கருமத்தம்பட்டிக்குப் போனான், அங்கே கடைகளுக்கு மாவு போடப் பேச.

பால்கார மாரப்பன் வந்தான். மீந்த மாவு எல்லாம் இவன் எருமைக்குத்தான் போகும்.

"ஏனுங்கக்கா, யாவாரம் அமோகமாட்டங்க. ஒரு மாசமா மாவே மிஞ்சறதில்லீங்களா? எருமை உங்க கடைச் சந்தத் தாண்டறப்ப நின்னுக்குது. இழுத்தாலும் வர மாட்டீங்குது."

"ஞாயித்துக்கெழம ரெண்டு போசி வந்துச்சா?"

"ஒரு கரண்டி கூட வரலீங்க. வந்திருந்தா அது ஏனுங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது?"

அவன் சிரித்தான். நானும் சிரித்து அனுப்பினேன். கடைக்குப் பிரபு புதுப் பிரிட்ஜ் வாங்கியும் ஒரு மாசம்தான்.

மத்தியானம் பிரபு வந்தான். சாப்பிடட்டும் என்று இருந்தேன். மோர் ஊற்றும்போது கேட்டேன்.

"ஏங்கண்ணு, மீந்த மாவு எங்க போகுது?"

"பிரிட்ஜ்ல வெச்சு மறுநா போட்டர்றோங்கம்மா. ஊரே அப்படித்தான் பண்ணுது."

"ஞாயித்து மாவு?"

"நல்ல மாவுல பாதிக்குப் பாதி கலந்தோம். கசப்புத் தெரியாதுன்னு நெனைச்சேன்."

"பேண்டு?"

"அதச் சரசக்கா மாத்திப் போட்டுருவாங்க."

"எங்கிட்ட ஆரும் சொல்லல."

"சொன்னா எருமைக்கு ஊத்துவீங்க."

எழுந்து வந்துவிட்டேன். மோர்ச்சட்டி இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அவன் என் மகன், அவசரக்காரன், பிறந்ததிலிருந்து தெரியும். சரசு இருபத்திரண்டு வருஷம் என் கூட நின்றவள். என் நிறத்தைக் கழற்றியது அவள் கை. அதுதான் ஆறவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி

மூட்டம். மறக்காதவை, ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்:

கொழுந்தனார். அவர் வீட்டு விருந்தில் என் இலைக்கு மட்டும் ஆறிய சோறு. முப்பத்தொரு வருஷமாகப் பேச்சு இல்லை.

அண்ணி. இரவல் வாங்கிய வளையலை வாங்கவே இல்லை என்றது.

அரிசிக்கடைக்காரர். பழைய அரிசி என்று சொல்லிப் புது அரிசி விற்றது. அந்தத் தெருவில் நடப்பதில்லை.

பிரபு.

சரசு.

பத்து மணிக்குச் சரசுவை உட்கார வைத்துக் கேட்டேன். ஏன் சொல்லவில்லை என்று.

"தம்பி சொல்ல வேண்டாம்னாருங்க. நீங்களும் மொதலாளி, அவரும் மொதலாளி."

"பேண்டக் கழட்டறப்பக் கை கூசலியா?"

"கூசுச்சுங்க." கையைத் துடைத்துக்கொண்டாள். "மாரியாத்தா நோம்பி ஞாபகம் இருக்குதுங்களா? காலைல கடைல கூட்டம் தாங்கல. மொத நா மாவு ஒரு போசியக் கலக்கச் சொன்னீங்க. கலக்குனது நானு. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதன்னீங்க. பதினேழு வருசம் சொன்னேனுங்களா? அப்ப வாய மூடுனதுக்குச் சீல எடுத்துக் குடுத்தீங்க. இப்ப மூடுனா துரோகங்கறீங்க."

"எந்திரிச்சு ஊட்டுக்குப் போ."

போனாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாபகம் இருக்கிறது. சேலை அரக்கு நிறம், மஞ்சள் கரை. அடுத்தவர் செய்தது எல்லாம் நாள் கிழமையோடு சொல்வேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. மேலே சரசு பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் இருக்கிறது. எழுத வரவில்லை.

ஐப்பசி 14, சனி

மழை. கடை திறக்கவில்லை. பிரிட்ஜில் இருந்த பதினான்கு பாக்கெட்டையும் பிரித்து மாரப்பன் எருமைத் தொட்டியில் நானே ஊற்றினேன். எருமை தலை நிமிரவில்லை. பிரபு குடையோடு நின்றான். "தெருவே பாக்குதுங்கம்மா." பார்க்கட்டும்.

பாய் கடைக்குப் போனேன். அது ஞாயிற்று மாவு, நிறம் மாற்றிப் போட்டது என்று சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தினார்.

"உங்களுக்குத் தெரியாம நடந்துச்சுங்களா?"

"இந்தத் தடவை தெரியாம."

ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா, டீ சொல்றேன்" என்றார். உட்காரவில்லை.

வந்து அந்த வரியை எழுதிவிட்டேன். சரசுவுக்குக் கீழே, என் பெயர். எதையும் அடிக்கவில்லை.

ஐப்பசி 15, ஞாயிறு

மழை விட்டது. சரசு ஆறு மணிக்கு வந்து வாசலில் நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அரிசி களைந்தாள். வெந்தய டப்பாவைத் தொடாமல் என்னைப் பார்த்தாள். நான் போட்டேன். ஒரு கை.

பாக்கெட் கட்டும்போது வழக்கம்போல ரப்பர் பேண்டு டப்பாவைத் திறந்தாள். காலி. ஏழு நிறமும் என் முந்தானை முடிச்சில்.

ஞாயிறு நீலம். ஒவ்வொன்றாக நானே போட்டேன். அவள் பாக்கெட்டின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.