சிரிக்காத போட்டோ

என் வீட்டுக்காரிக்கு,

இந்தக் கடுதாசியைக் கொண்டு வர்றவர் என் ரூம்ல இருந்த சமையல்காரர். ஒரேயடியா ஊருக்கு வந்துட்டார். துருவித் துருவிக் கேட்காம, சாப்பாடு போட்டு அனுப்பு.

"உங்க போட்டோவைப் பார்த்துட்டு, பொண்ணோட அப்பா முசுடு போலிருக்கேன்னு சம்பந்தி வீட்ல கேட்கிறாங்க. ஒரு தடவை சிரிச்சா குறைஞ்சா போயிடுவீங்க?"ன்னு கத்தினே. நானும் கோபத்துல போனை வச்சுட்டேன்.

விசா முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. புதுப்பிச்சாச்சுன்னு உன்கிட்ட சொன்னது பொய். சலவைக்கடைப் பின்கட்டுல ஒளிஞ்சு நின்னு இஸ்திரி போடுறேன். தெருவுல இறங்கினா, தேய்ச்ச சட்டை ஒண்ணை ஹேங்கரோட கையில பிடிச்சுக்குவேன். டெலிவரிக்குப் போறவன்னு நினைச்சு போலீஸ் நிறுத்தாது. மூணு வருஷமா அதே சட்டைதான். யாருதுன்னே தெரியாது. இந்த ஊர்ல என்கூட நடந்து வர்றது அது ஒண்ணுதான்.

முன்பல் வலி தாங்காம, அந்தச் சட்டையோடவே ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். விசா இருக்கான்னு அடையாள அட்டை கேட்டாங்க. திரும்பிட்டேன். சமையல்காரர்தான் குறடு எடுத்தார். ஒண்ணொண்ணா மூணு பல் போச்சு. அதுலேருந்துதான் வீடியோ கால்னா எனக்கு சிக்னல் கிடைக்கிறதில்லை.

திங்கட்கிழமை நானே போய்ச் சரணடையப் போறேன். கொஞ்ச நாள் உள்ளே வச்சுட்டு அனுப்பிடுவாங்களாம். கல்யாணத்துக்குள்ள விடுவாங்களான்னு தெரியலை. பொண்ணுகிட்ட இப்போ எதுவும் சொல்லாதே.

நான் வந்து இறங்கினதும் என் வாயைப் பார்த்து அழுது வைக்காதே. நீ முதல்ல சிரிச்சுடு. அப்புறம் நானும் சிரிக்கிறேன்.

உன் முசுடு