நாற்பது நாள் கூழ்

கிவா
6 ஜூன் 1974

சாரியாவிலுள்ள என் மருமகனின் மூத்த மனைவி கண்டேவுக்கு,

அமைதி உண்டாகட்டும். தலைப்பேற்றுக்கு என்னிடம் வந்த லாமியை நாற்பது நாளும் கொதிநீரில் குளிப்பாட்டி, அனல் மூட்டிய மண்கட்டிலில் கிடத்தி, ஏரி உப்புக் கரைத்த கம்பங்கூழ் ஊட்டித் திரண்ட மேனியோடு அனுப்பினேன். "புருசன் வீட்டு வாசலை இடிச்சுத்தான்டி கட்டணும்!" என்று ஊரே கேலி பேசியது. உன் அடுப்பில் உண்ணத் தொடங்கியதும் மூச்சுத் திணறுகிறதாம். என் மகளின் கிண்ணத்தில் என்ன கலந்தாய்? உன் கை படாத கூழ்மாவும் உப்புக் கட்டியும் அனுப்பியுள்ளேன். அதை மட்டும் கொடு. இளைய மகள் பிந்தா இங்கே நிறைமாதமாக இராவிட்டால் நானே வந்திருப்பேன்.

லாமியின் தாய்
ஹன்சத்து

சாரியா
11 ஜூன்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் நலம் வேண்டுகிறேன். நான் கலந்தது கம்பும் நீருமே. லாமி வந்திறங்கியபோது நானும், "அம்மா வீட்டுல யானைத் தீனியாடி?" என்றேன், பொறாமையும் பட்டேன். படுக்க முடியாமல் அவள் எழுந்து உட்கார்ந்தபோது காலைத் தொட்டேன். என் விரல் பதித்த குழி மேலெழவில்லை. அது சதையன்று அம்மா, நீர்! மருத்துவமனையில் சேர்த்திருக்கிறேன். இதயம் பெருத்துத் தளர்ந்துவிட்டதாம். நம் நாட்டின் வடபகுதியில் பிள்ளை பெற்றவர்களிடம் இந்நோய் மிகுதியாம். மூலம் எதுவென்று மருத்துவர்க்கே தெளிவில்லை. "ஆனா உப்பும் அனலும் இந்த நெஞ்சு தாங்காது, தாயி" என்றார். உங்கள் உப்பை ஆட்டுக்கு வைத்துவிட்டேன்.

கண்டே

கிவா
17 ஜூன்

கண்டே,

என் தாய் எனக்கு ஊட்டியது நஞ்சா? எழுவரைப் பெற்றேன், என் நெஞ்சு தளர்ந்ததா? பழியை என் அடுப்பில் கொட்டிவிட்டு உன் கையைக் கழுவுகிறாயா? லாமி உயிரோடு இருந்தால் அவளே எழுதட்டும்!

ஹன்சத்து

சாரியா
25 ஜூன்

அம்மா,

"அக்கா காய்ச்சுற உப்பில்லாக் கஞ்சியை நாய்கூடத் தொடாது. ஆனா இன்னிக்கு மூச்சுத் திணறாம படுத்துத் தூங்கினேன்னு சொல்லு" என்கிறாள் லாமி. நீர் வடிந்து, பழைய வளையல் கையில் ஏறுகிறது. கீழே உள்ள கோணல் எழுத்து அவளுடையது.

கண்டே
லாமி

கிவா
2 ஜூலை

கண்டே,

எழுத்து லாமியுடையதே. நீ கைப்பிடித்தும் எழுதவைத்திருக்கலாம். உன்னை இன்னும் நான் நம்பவில்லை.

பிந்தா நேற்றுப் பெற்றாள். கூழ் கொதிக்கிறது. ஊர்ப்பெண்கள், "உப்பெங்கே, உப்பெங்கே?" என்கிறார்கள். கட்டி என் கையில் இருக்கிறது, போடவில்லை. அவள் காலும் பருத்திருக்கிறது. சதை என்கிறார்கள். அழுத்திப் பார்க்க எனக்கு அச்சமாக இருக்கிறது.

இக்கடிதம் கொணரும் வண்டியிலேயே ஏறி வா. உன் விரலால் அழுத்திப் பார்.

ஹன்சத்து