குளிர்காலத்து மண்டையோடு

பெப்ரவரி 3, திங்கள்
மழையும் பனியும் கலந்து. சைக்கிள் எடுக்கவில்லை. அருங்காட்சியகத்தில் துந்த்ரா மூஞ்சூறு, நான்காம் இழுப்பறை. குளிர்காலத்தில் பிடிபட்டவற்றின் மண்டையோடுகளை அளந்து முடித்தேன். கோடையில் பிடிபட்டவற்றைவிடத் தட்டை. பல் நுனிகள் சிவப்பு, இரும்புச் சத்து. இது எலி இல்லை என்று இன்றும் ஒருவருக்கு விளக்கம்.
வாங்க: பால், பல்பு, அண்ணைக்குக் கம்பளிக் காலுறை.

பெப்ரவரி 5, புதன்
டோர்ட்மண்ட், அண்ணை வீடு. மறதி நோயில் அவருக்கு ஜேர்மன் மொழி முழுதாகப் போய்விட்டது. இந்த ஊரில் பஸ் ஓட்டியவர். அவர் பற்றவைத்துவிடாதபடி, அவர் மனைவி, மச்சாள், அடுப்பின் திருகுகளைக் கழற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறார். பராமரிப்பு இல்லத்தில் அண்ணைக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும்.
"வேண்டாமெண்டு சொல்லப் போறன். பங்குனி வரட்டும். மூஞ்சூறுக்குக் குளிருக்குச் சுருங்கிற மூளை வெயிலுக்குத் திரும்ப வளருமெண்டு நீர்தானே சொன்னனீர்," என்றார் மச்சாள்.
பொங்கலன்று, பேச ஒன்றுமில்லாமல் நான் சொன்னது.
அண்ணை சிரித்தார். "மூஞ்சூறும் ட்ரைவர்தான். பிள்ளையார் ஒருநாளும் டிக்கெட் எடுக்கிறேல்லை."
பிறகு என்னைக் காட்டி, இவ ஆர் என்று மச்சாளிடம் கேட்டார்.

பெப்ரவரி 6, வியாழன்
மைனஸ். வேலை ஓடவில்லை. மச்சாளிடம் சொல்ல வேண்டியவை:
- என் இழுப்பறையில் எந்த மூஞ்சூறும் இருமுறை அளக்கப்படவில்லை. குளிர்காலத்து மண்டை ஒன்றினுடையது, கோடைகாலத்தது வேறொன்றினுடையது.
- உயிரோடு ஸ்கேன் படமெடுத்துப் பார்த்த இன்னோர் இனத்தில் மூளை திரும்ப வளர்ந்தது உண்மை. முழுதாக அல்ல.
- அப்படி வளர்ந்ததும் குட்டி போட்டு அந்த ஆண்டே சாகும். இரண்டாம் குளிர்காலம் அதற்குக் கிடையாது.
- அண்ணை மனிதர்.
கடைசியை முதலில் சொல்ல வேண்டும்.
பனிக்கு அடியில், இருட்டில், நீள்துயில் இல்லாமல் தின்றுகொண்டே இருக்கும் பிராணி. தின்பதை நிறுத்தினால் சாவு. அதிலா ஆறுதல் தேடுவது.

பெப்ரவரி 7, வெள்ளி
வெயில், கடும் குளிர். காலையில் மச்சாளை அழைத்தேன். இழுப்பறையில் தொடங்கினேன். தவறு. இரண்டு வாக்கியம்கூடக் கேட்கவில்லை.
"உதுகளை விடும். நேற்று காலிலை சப்பாத்தோட குளிக்கப் போயிட்டார். துடைக்கத் துவாய் குடுத்தால் அதை ஆருக்கெண்டு கேக்கிறார். எனக்கு ஏலாது. பங்குனியிலை இவருக்குத் திரும்புமோ, திரும்பாதோ? நீர் படிச்சனீர். ஒண்டைச் சொல்லும்."
"திரும்பலாம்," என்றேன்.
"அப்ப அறை வேண்டாமெண்டு பின்னேரம் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."
குரல் தெளிந்திருந்தது. சாப்பிட்டீரோ என்றுகூடக் கேட்டார்.
இப்போது மதியம். நான் இன்னும் அவரைத் திரும்ப அழைக்கவில்லை.